மச்சான்மாரோடை ராக் கச்சேரிக்குப் போனது

என்ரை மனுசனுக்கும் என்ரை அண்ணைக்கும் நாலைஞ்சு வருசமாக் கதை இல்லை. காணி பூமியாலை வந்த கோபம் எண்டாலும் வெளியிலை சொல்ல ஒரு மரியாதை இருந்திருக்கும். இது வாட்ஸ்அப்பாலை வந்த கோபம்.

நாங்கள் சண்டிலிப்பாயிலை புதுசா வீடு கட்டிக் குடிபூர நாள் வைச்சம். எங்கடை ஆக்களுக்கு நாள் வைச்சால் மட்டும் காணாது. புருசனும் மனுசியும் சோடியா வெளிக்கிட்டு, வீடு வீடாப் போய், கதிரையிலை இருந்து, தேத்தண்ணி குடிச்சு, வாயாலை சொல்லவேணும். அழைப்புக் காட் குடுத்தால் அதை அலுமாரிக்கு மேலை வைச்சுப்போட்டு இருந்திடுவினம். சொன்னால்தான் சொன்னது. வழியிலை கண்டு சொன்னதும் கணக்கிலை இல்லை. "சந்தைக்குள்ளை வைச்சுச் சொன்னவை, அதாலை நான் போகேல்லை" எண்டு பெருமையாக் கதைக்கிற சனம் நாங்கள். அப்பிடியிருக்க, அந்தக் கிழமை எனக்குச் சரியான காய்ச்சல், இவருக்குத் தோட்டத்திலை வெங்காயம் கிண்டுற அவசரம். இவர் என்ன செய்தார்? காட்டைப் படம் பிடிச்சு, குடும்ப வாட்ஸ்அப் குறூப்பிலை போட்டு, கீழை கைகூப்பின படம் ஒண்டையும் தட்டிவிட்டார். கனடாவிலை இருக்கிறவை எல்லாரும் பூங்கொத்து அனுப்பிச்சினம். புத்தூரிலை இருக்கிற என்ரை அண்ணையும் படத்தைப் பாத்தார். வரேல்லை.

அடுத்த நாள் எனக்கு போன் வந்தது. "கனடாவிலை இருக்கிறவனுக்கும் அந்தப் படம், எனக்கும் அந்தப் படமோ? நான் உன்னோடை கூடப்பிறந்தவனோ, இல்லாட்டி குறூப்பிலை ஒரு ஆளோ?"

நான் விசர்த்தனமா அதை இவரிட்டைச் சொன்னன். "ஒண்டாப் படிச்சவன், ஒரு கோப்பையிலை சாப்பிட்டவன். அவனுக்கு நான் வெத்திலை தட்டத்தோடை போய்ச் சொல்லவேணுமோ? மச்சான் வீடு குடிபூருறான் எண்டு தெரிஞ்சும் வராதவனோடை எனக்கென்ன கதை?" எண்டார் இவர். ரெண்டு பேரிலையும் பிழை எண்டுதான் நான் நினைச்சன். அதைச் சொன்னால் ரெண்டு பேரும் என்னோடையும் கதைக்கமாட்டினம், அதாலை வாயைப் பொத்திக்கொண்டு இருந்தன்.

அப்பிடியே சமாளிச்சுக்கொண்டு போயிருப்பன். மகளுக்குக் கலியாணம் சரிவந்த உடனைதான் இனிச் சமாளிக்கேலாது எண்டு விளங்கினது. அவள் பெரியபிள்ளையாகிச் சாமத்தியவீடு செய்யேக்கை தேங்காய் உடைச்ச மாமன் அண்ணைதான். சின்னனிலை தோளிலை தூக்கிக்கொண்டு நல்லூர்த் தேர் காட்டினவர். அந்த மாமன் முன்னுக்கு நிக்காமல் என்ன கலியாணம்? ஊர்ச்சனம் வேறை, சாப்பிட்டுக் கை கழுவ முந்தியே கேக்கும், "எங்கை கொண்ணையைக் காணேல்லை?" எண்டு. சரி, சனத்தை விடுங்கோ. எனக்கு என்ரை அண்ணை வேணும். அம்மாவும் அப்பாவும் போனாப்பிறகு, பிறந்த வீடு எண்டு எனக்கு மிச்சம் இருக்கிறது அந்த ஒரு மனுசன்தான்.

சோடியாப் போய்ச் சொல்லவேணும். சோடியிலை ஒராள் ரெடி. மற்ற ஆள் எழும்பமாட்டன் எண்டு நிண்டார். "நீர் போய்ச் சொல்லும். உம்மடை கொண்ணைதானே." நான் தனியப் போனால் அண்ணை அன்பாத் தேத்தண்ணி தருவார், கலியாணத்துக்கு வரமாட்டார். போனிலை கேட்டும் பாத்தன். "உன்ரை மனுசன் என்ரை படியிலை கால் வைச்சுச் சொன்னால், நான் விடியமுன்னம் வந்து பந்தலுக்குக் கால் நடுவன். இல்லாட்டி உந்தக் கதையை விடு" எண்டு வைச்சிட்டார். சண்டிலிப்பாய் முழுக்கச் சொல்லி முடிஞ்சுது. கோண்டாவில், மானிப்பாய் எல்லாம் முடிஞ்சுது. புத்தூர் மட்டும் அப்பிடியே கிடந்தது.

இந்த நேரத்திலைதான் அந்த வெள்ளைக்காரக் கிழவங்கள் வந்து சேந்தாங்கள்.

ஒருநாள் பின்னேரம் மகள் குசினி வாசல்லை இருந்து போனைத் தட்டிக்கொண்டிருந்தாள். போனிலை ஏதோ விளம்பரம். ஒரு கிற்றார் ஒரே மாதிரித் திருப்பித் திருப்பி இழுத்து அழுதுது. கிணத்தடியிலை கால் கழுவிக்கொண்டு நிண்ட இவர், ஒரு காலிலை சவுக்கார நுரையோடை ஓடி வந்தார்.

"இது எங்கடை பாட்டெல்லே!"

"அப்பா, இது இங்கிலீசு ராக். முப்பது வருசத்துக்கு மேலை வாசிக்கிற கோஷ்டி. கொழும்பிலை பாடிப்போட்டு வாற சனிக்கிழமை இஞ்சை முற்றவெளியிலை பாடுகினம்."

"என்ன கோஷ்டியெண்டாலும் இருக்கட்டும். இது எங்கடை பாட்டு."

தேப்பனுக்கு வெய்யில் பிடிச்சிட்டுதோ எண்டு மகள் என்னைப் பாத்தாள். இல்லை, மனுசன் சொல்லுறது மெய்தான் எண்டு நான் தலையாட்டினன். அந்தப் பாட்டு எங்கடை வீட்டுக்கு வந்த கதையை அண்டைக்குத்தான் அவளுக்குச் சொன்னன்.

நான் பள்ளிக்கூடம் போன காலம். சண்டை. கரண்ட் இல்லை. றேடியோவுக்குப் போடுற பற்றறியும் உள்ளுக்கு வரக்கூடாது எண்டு தடை. லண்டனிலை இருந்த எங்கடை பெரியம்மாவின்ரை மகன், காகிதம் எழுதப் பஞ்சிப்பட்ட சோம்பேறி, கசெற்றிலை கதைச்சு ஆரும் வாற ஆக்களிட்டைக் குடுத்து விடுவார். ஒருமுறை வந்த கசெற்றிலை, "நான் நல்ல சுகம், குளிர்தான் தாங்கேலாமல் கிடக்கு, சின்னம்மாவின்ரை புட்டு நினைவா இருக்கு" எண்டு கொஞ்ச நேரம் கதைச்சார். பிறகு கதைக்க ஒண்டும் வரேல்லையாக்கும். மிச்ச இடத்தை வீணாக்காமல் றேடியோவிலை போன பாட்டுகளை அடிச்சுவிட்டிருந்தார். எல்லாம் ஒரே கோஷ்டியின்ரை பாட்டு. பேர் ஊர் ஒண்டும் இல்லை. கசெற்றுக்கு மேலை "சின்னம்மாவுக்கு" எண்டு மட்டும் எழுதியிருந்தது. எங்கடை அம்மா புட்டு மட்டும் கேட்டுக் கண்ணைத் துடைச்சுப்போட்டு எழும்பிப் போட்டா. மிச்சத்தை அண்ணை பிடிச்சுக்கொண்டார்.

அப்ப பாட்டுக் கேக்க ஊரிலை ஒரே வழிதான். சைக்கிளை முத்தத்திலை தலைகீழாக் கவிட்டு வைச்சு, டைனமோவிலை வயரைக் கொழுவிக் கசெற் போடுற றேடியோவுக்குக் குடுத்து, ஒராள் பெடலைக் கையாலை சுத்தவேணும். சுத்தினால் பாடும். கையை எடுத்தால் நிண்டிடும். எங்கடை வீட்டுச் சைக்கிளின்ரை டைனமோ செத்துக் கனகாலம். நல்ல டைனமோ இருந்தது, அண்ணையோடை படிச்ச ஒரு பெடியனின்ரை சைக்கிளிலை. அந்தப் பெடியன் பின்னேரம் பின்னேரம் சண்டிலிப்பாயிலையிருந்து புத்தூருக்கு உழக்கிக்கொண்டு வருவார். அண்ணை சுத்துவார், பெடியன் றேடியோவுக்குப் பக்கத்திலை குந்தியிருந்து கேப்பார். சைக்கிள் தந்த ஆள் எண்டபடியால் அவருக்குச் சுத்துற வேலை இல்லை. அந்த நாளிலையே சொகுசு. அவர்தான் பிறகு என்ரை மனுசன்.

கலியாணம் முடிச்ச நாள்தொடக்கம் இவர் சொல்லுறது ஒரே கதை: "நான் புத்தூருக்கு வந்தது பாட்டுக் கேக்க. அந்த வீட்டிலை நீர் ஒராள் இருக்கிறதே எனக்குத் தெரியாது." நானும் போனால் போகட்டும் எண்டு விட்டிட்டன். தெரியாத ஆள், கிணறு முத்தத்திலை இருக்க, தண்ணி கேட்டுக் குசினிப் பக்கம் ஏன் வந்தவர் எண்டு ஒருக்காலும் கேக்கேல்லை. ஆம்பிளையளுக்கும் கொஞ்சம் மானம் மரியாதை வேணும்தானே.

அந்தக் கசெற் இடம்பெயர்வோடை துலைஞ்சு போச்சு. கோஷ்டியின்ரை பேரே தெரியாமல் இவருக்கு வயசு ஐம்பதைத் தாண்டிட்டுது. மகள் உடனை போனிலை பாட்டைப் போட வெளிக்கிட, இவர் பறிச்சு நிப்பாட்டினார். "வேண்டாம். இவ்வளவு காலம் இருந்தாச்சு, சனிக்கிழமை மட்டும் இருக்கமாட்டனோ? நேரிலை கேக்கிறன்."

மகள் போனைத் திருப்பி வாங்கிக்கொண்டு உள்ளுக்குப் போனாள். அடுத்த நாள் வேலை முடிஞ்சு வாற வழியிலை ஸ்கூட்டியைப் புத்தூருக்கு விட்டிருக்கிறாள். மாமன் வீட்டிலை கதிரையிலை இருந்து, தேத்தண்ணி குடிச்சு, "மாமா, உங்கடை பழைய பாட்டுக் கோஷ்டி வருது, சனிக்கிழமை பின்னேரம் கட்டாயம் வந்திடவேணும்" எண்டு முறையாச் சொல்லிப்போட்டு வந்திருக்கிறாள். வீட்டை வந்து என்னட்டை மட்டும் மெதுவாச் சொன்னாள்.

"அப்பாவும் வாறார் எண்டு மாமாவுக்குச் சொன்னனியோ?"

"மாமா கேக்கேல்லை."

"அப்பாவுக்கு?"

"அப்பாவும் கேக்கேல்லை."

இவளைக் கட்டப்போற பெடியனை நினைக்க எனக்குப் பாவமாத்தான் இருந்தது.

சனிக்கிழமை வெளிக்கிட்டதைச் சொல்லவேணும். மகள் தேப்பனுக்குக் கறுத்த ரீசேட் ஒண்டு வேண்டிக்கொண்டு வந்திருந்தாள். "உதைப் போட்டுக்கொண்டு போனால் செத்தவீட்டுக்குத் தோரணம் கட்ட வந்தவன் எண்டு நினைப்பாங்கள்" எண்டார். கொஞ்ச நேரத்தாலை பாத்தால், அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னாலை நிண்டு வயித்தை உள்ளுக்கு இழுத்து இழுத்துப் பாக்கிறார். மீசைக்கு மை வேறை. நான் சிரிக்கேல்லை. நானும் கோயிலுக்குக் கட்டுற சீலையைத்தானே கட்டினன். ராக் கச்சேரிக்கு என்ன கட்டுறது எண்டு எனக்கு ஆர் சொல்லித் தந்தது? கைப்பையிலை மிக்சர், தண்ணிப் போத்தில், காதுக்கு வைக்கக் கொஞ்சம் பஞ்சு.

முற்றவெளி நிறையச் சனம். முன்னுக்குப் பெடியளும் பெட்டையளும் நிண்டுகொண்டு. பின்னுக்கு எங்களைப் போலை ஆக்களுக்குப் பிளாஸ்ரிக் கதிரை. வெய்யில் தாழ்ந்து, பண்ணைக் கடல்காத்து வந்து சீலையை இழுத்துது. மகள் எங்களைக் கொண்டுபோய் இருத்தினாள். இவர், பக்கத்திலை நான், எனக்குப் பக்கத்திலை ஒரு வெறுங்கதிரை.

"அது ஆருக்கு?" எண்டு இவர் கேட்டார்.

"அம்மாவின்ரை மிக்சருக்கு" எண்டு என்ரை பையைத் தூக்கி அதிலை வைச்சுப்போட்டு அவள் நழுவிட்டாள்.

கொஞ்ச நேரத்தாலை அண்ணை வந்தார். வெள்ளைச் சேட், நெத்தியிலை திருநீறு, கையிலை குடை. வானத்திலை ஒரு முகில் இல்லை. குடை இல்லாமல் அண்ணை படலை தாண்டமாட்டார். என்னைக் கண்டு சிரிச்சுக்கொண்டு வந்தவர், எனக்கு அங்காலை இருந்த கறுத்த ரீசேட்டைக் கண்டார். நிண்டார். திரும்பினார். பின்னாலை மகள் நிக்கிறாள்.

"மாமா, உங்கடை கதிரை அதுதான்."

பொதுச்சனத்துக்கு முன்னாலை மருமகளோடை இழுபறிப்படுற ஆள் இல்லை அண்ணை. வந்து இருந்தார். குடையைக் காலுக்கு நடுவிலை ஊண்டி, அதின்ரை பிடியைப் பாத்துக்கொண்டிருந்தார். இவர் வானத்தைப் பாத்துக்கொண்டிருந்தார். நான் நடுவிலை இருந்து மிக்சர்ப் பையை உடைச்சு நீட்டினன். ரெண்டு பேரும் எடுத்தினம். ஆனால் ஒராளின்ரை கை வெளியிலை வந்தாப்பிறகுதான் மற்றாளின்ரை கை உள்ளுக்குப் போனது.

கோஷ்டி மேடைக்கு வந்துது. நாலு பேர். எல்லாருக்கும் எங்கடை வயசு, இல்லாட்டி இன்னும் கூட. ஒராளுக்கு முழங்காலுக்குப் பட்டி கட்டியிருந்தது. இன்னொராளின்ரை கிற்றார் வயித்துக்கு மேலை படுத்துக் கிடந்தது. பாடுறவர் மெல்லிய, நரைச்ச மனுசன். பொக்கற்றுக்குள்ளையிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டு, காலடியிலை ஒட்டியிருந்த கடதாசியைக் குனிஞ்சு வாசிச்சு, கண்ணாடியைக் கழட்டி வைச்சுப்போட்டு, "வணக்கம்" எண்டார். முற்றவெளி அதிர்ந்துது. பிறகு அடிச்சாங்களே ஒரு அடி! நான் பஞ்சைத் தேடினன். நெஞ்சாங்கூடு கிடந்து ஆடுது, பிளாஸ்ரிக் கதிரை தன்பாட்டிலை நகருது. இதுக்கெல்லே பெடியள் கையைத் தூக்கிக்கொண்டு துள்ளுதுகள் எண்டு நினைச்சன். கொஞ்ச நேரத்தாலை பாத்தால் என்ரை காலும் தன்பாட்டிலை ஆடுது. ஆருக்கும் தெரியாமல் சீலையை இழுத்து மூடினன்.

கசெற்றிலை கேட்ட இன்னொரு பாட்டு அடுத்ததா வந்துது. இவர் நிமிந்து இருந்தார். வாய் அசைஞ்சுது. பாட இவர் வாயைத் திறக்கமுன்னம் பாட்டு அங்காலை போட்டுது. ஓடிப்போய்ப் பிடிக்கப் பாத்தார். அது இன்னும் அங்காலை போட்டுது. மனுசன் திகைச்சுப் போய் என்னட்டைக் குனிஞ்சார்.

"உவன் அவனில்லை."

"ஆர்?"

"உந்தப் பாடுறவன். எங்கடை ஆளுக்கு நல்ல கனத்த குரல். உது என்ன கீச்சுக் குரல்? ஆளை மாத்திப்போட்டாங்கள். பாட்டையும் என்ன நாய் கலைச்ச மாதிரி ஓட்டுறாங்கள்?"

நல்லாச் சத்தம் வைச்சுத்தான் சொன்னவர். அண்ணைக்கும் கேட்டிருக்கவேணும். குடையிலையிருந்து கண்ணை எடுக்காமல் என்னட்டைச் சொன்னார்:

"உன்ரை மனுசனிட்டைச் சொல்லு, ஆளும் அதே ஆள், வேகமும் சரியான வேகம். அந்தநாள் நான்தான் மெதுவாச் சுத்தினனான். மெதுவாச் சுத்தினால் ஆம்பிளைக்குரல் பேய்க்குரலாத்தான் வரும்."

நான் இந்தப் பக்கம் திரும்பிச் சொன்னன். இவருக்குச் சுள்ளெண்டு ஏறிச்சுது. ஒரு மனுசன் முப்பது வருசத்துக்கு மேலை மனசுக்குள்ளை வைச்சுப் பாடின பாட்டு பிழையான பாட்டு எண்டு, அதுவும் கோபக்காரன் வாயாலை கேட்டால் எப்பிடி இருக்கும்?

"உம்மடை கொண்ணையிட்டைச் சொல்லும், ஒரு பெடலை ஒழுங்காச் சுத்தத் தெரியாதவருக்கு என்னத்துக்குப் பாட்டு எண்டு. என்ரை சைக்கிளையும் பழுதாக்கி, பாட்டையும் பழுதாக்கி வைச்சிருக்கிறார்."

நான் அந்தப் பக்கம் திரும்பினன். தபால்காரனுக்காவது சைக்கிள் இருக்கும், எனக்கு அதுவும் இல்லை. கழுத்துத்தான் நொந்துது. அண்ணைக்கு முகம் சிவந்திட்டுது. டிரம்ஸ்காரன் அடிச்ச அடியிலை என்னட்டை மெதுவாச் சொல்ல வழியில்லை. அண்ணை எழும்பி நிண்டு, நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு கத்தினார். அவர் கத்தத் துடங்க, அங்கை பாட்டு டக்கெண்டு முடிஞ்சுது. முழு முற்றவெளியும் மூச்சு விடுற அந்த இடைவெளிக்குள்ளை அண்ணையின்ரை குரல் மட்டும் தனியக் கேட்டுது:

"சுத்தத் தெரியாமலோ? வேணுமெண்டுதானடா மெதுவாச் சுத்தினனான்! கெதியாச் சுத்தினால் கசெற் முடிஞ்சிடும், நீ சைக்கிளை நிமித்திக்கொண்டு போடுவாய்! இவள் பிறகு ரெண்டு நாளைக்குச் சாப்பிடாமல் முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு திரிவாள்! என்ரை கை கழண்டு விழ விழச் சுத்தினது ஆருக்காக எண்டு நினைச்சனீ?"

முன்னுக்கு நிண்ட பெடியள் எல்லாம் திரும்பிப் பாத்தாங்கள். விளங்கினவை சிரிச்சினம், விளங்காதவை கை தட்டிச்சினம். பாடகர்கூட தண்ணிப் போத்திலோடை நிண்டு எங்கடை பக்கம் பாத்தார். எனக்கு எங்கை போய் ஒளிக்கிறது எண்டு தெரியேல்லை. ஐம்பது வயசிலை, கோயில் சீலையோடை, முற்றவெளிக்கு நடுவிலை வைச்சு என்ரை களவைப் பிடிச்சுக் குடுத்திட்டார் என்ரை அண்ணை.

வெக்கம் ஒரு பக்கம் இருக்கட்டும். குசினி யன்னலாலை நான் எட்டி எட்டிப் பாத்தது ஆருக்கும் தெரியாது எண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சிருந்தன். இப்ப, அண்ணை அங்கை முத்தத்திலை சைக்கிளுக்குப் பக்கத்திலை குந்தியிருந்து, கையை மாத்தி மாத்திச் சுத்தினது மட்டும்தான் என்ரை கண்ணுக்கு முன்னாலை வந்தது. அந்தக் கையைப் பற்றி அப்ப நான் ஒருநாளும் யோசிக்கேல்லை.

அண்ணை திரும்பவும் கதிரையிலை இருந்திட்டார். இவர் மேடையையே பாத்துக்கொண்டிருந்தார். என்னைப் பாக்கேல்லை. மேடையிலை இன்னும் நாலைஞ்சு பாட்டுப் போச்சுது, நான் ஒண்டும் கேக்கேல்லை. ரெண்டு பக்கமும் ரெண்டு கல்லு, நடுவிலை நான்.

கடைசிப் பாட்டுக்குக் கிழவர் களைச்சுப் போனாரோ என்னவோ, ஒரு கதிரையைக் கேட்டு வாங்கி இருந்தார். மற்றவை ஒதுங்கி நிக்க, ஒரேயொரு கிற்றாரோடை ஆறுதலா எடுத்தார். நடுவிலை மூச்சு வாங்கி வாங்கிப் பாடினார். விளம்பரத்திலை வந்த அந்தப் பாட்டு. எங்கடை முத்தத்திலை பாடின அதே மெதுவிலை வந்துது. இவரின்ரை வாய் அசைஞ்சுது, இந்தமுறை பாட்டு இவரை விட்டிட்டுப் போகேல்லை. எனக்கு மற்றப் பக்கத்திலையும் ஒராள் முணுமுணுக்கிற சத்தம் கேட்டுது. ரெண்டு பேரும் ஒரே பாட்டைத்தான் பாடுகினம், ஆனால் ஒராள் பாடுறது மற்றாளுக்குத் தெரியாது எண்டு காட்டிக்கொண்டு பாடுகினம். அட கடவுளே, இதுகளை என்ன செய்யிறது!

முடிஞ்சு எல்லாரும் வெளியிலை வந்தம். றோட்டுக்கரையிலை அண்ணை தன்ரை மோட்டார்சைக்கிளை எடுக்கப் போனார். இவர் என்ரை பக்கத்திலையிருந்து விலகி, அவருக்குப் பின்னாலை போனார். நான் பதறிப்போய்ப் பின்னாலை ஓடினன். அடிபடப் போறாரோ எண்டுதான் நினைச்சன்.

"மச்சான்" எண்டார் இவர்.

அண்ணை திரும்பினார்.

"வாற மாசம் பிள்ளைக்குக் கலியாணம்…"

அண்ணை குடையை முன்னாலை நீட்டினார். "நிப்பாட்டு. றோட்டிலை நிண்டு சொன்னியெண்டால் நான் வரமாட்டன்."

முடிஞ்சுது எண்டு நினைச்சன். இவ்வளவுக்கும் இறங்கி வந்த மனுசனின்ரை முகத்திலை அறைஞ்ச மாதிரி ஒரு கதை. இனி இந்தச் சென்மத்திலை இவர் அந்த வாசல்படி மிதிக்கமாட்டார். என்ரை பிள்ளை மாமன் இல்லாமல்தான் மணவறையிலை இருக்கப்போறாள்.

அண்ணை மோட்டார்சைக்கிளிலை ஏறி, குடையை முன்னுக்குச் சொருகினார். ஸ்ராட் பண்ணிப்போட்டு, எங்களைப் பாக்காமல், ஹான்டிலைப் பாத்துச் சொன்னார்:

"நாளைக்கு நான் வீட்டிலைதான் நிப்பன்."

சொல்லிப்போட்டுப் போயிட்டார். ஓட்டோவிலை வரேக்கை இவர் யாழ்ப்பாணம் முழுக்கக் கேக்கத் திட்டினார். "வறட்டுக் கௌரவம். உம்மடை குடும்பத்துக்கே உதுதான் பரம்பரை வருத்தம். றோட்டிலை சொன்னால் வரமாட்டாராம். பெரிய துரை!" நான் ஓம் ஓம் எண்டு கேட்டுக்கொண்டு வந்தன். மானிப்பாய் தாண்ட, திட்டுறதை நிப்பாட்டிப்போட்டுக் கேட்டார்: "அந்தப் பித்தளைத் தட்டம் எங்கை கிடக்கு? புளி போட்டு மினுக்கி வையும்."

அடுத்த நாள் காலமை முழுகி, வேட்டி கட்டி, தட்டத்திலை வெத்திலை, பாக்கு, வாழைப்பழம், காட் எல்லாம் வைச்சுக்கொண்டு போனம். புத்தூரிலை படலை முழுக்கத் திறந்து கிடந்தது. முத்தம் கூட்டித் தண்ணி தெளிச்சிருந்தது. விறாந்தையிலை ரெண்டு கதிரை சோடியாப் போட்டிருந்தது. அண்ணை முழுகி, பட்டு வேட்டியோடை உள்ளுக்கு நிக்கிறது யன்னலாலை வடிவாத் தெரியுது. இருந்தும் மனுசன் உள்ளுக்கிருந்து கேக்குது, "ஆர் வாறது?" எண்டு. எனக்குச் சிரிப்பு வந்தது. இவருக்கு வரேல்லை. சேட்டுக் கையை இழுத்துவிட்டு, செருப்பைக் கழட்டி ஓரமா வைச்சுப்போட்டு, படியிலை ஏறினார்.

நாங்கள் போன வீடெல்லாம் இவர் சொன்னது ஒரே வசனம்தான். "வாற மாசம் பிள்ளைக்குக் கலியாணம். நீங்கள்தான் முன்னுக்கு நிண்டு நடத்தி வைக்கவேணும்." எங்கடை ஊரிலை எல்லாரும் எல்லாருக்கும் சொல்லுறது அது. வாற ஆள் சாப்பிட்டுப்போட்டுக் காசுக் கவரை நீட்டிப்போட்டுப் போவார் எண்டு சொல்லுறவருக்கும் தெரியும், கேக்கிறவருக்கும் தெரியும். ஒரு கிழமையா அந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டு, எனக்குக் கொட்டாவி வாற அளவுக்குப் போயிருந்தது.

இவர் தட்டத்தை ரெண்டு கையாலையும் நீட்டினார். "மச்சான், வாற மாசம் பிள்ளைக்குக் கலியாணம். நீதான்…" எண்டவர், நிண்டிட்டார். திருப்பித் துடங்கினார். "நீதான் முன்னுக்கு நிண்டு…" எண்டதோடை குரல் கரகரத்துப் போச்சு. அதுக்கங்காலை வாய் வரேல்லை. தட்டத்திலை பாக்கு உருளுற சத்தம் கேட்டுது.

அண்ணை தட்டத்தை வாங்கேல்லை. தட்டத்தைப் பிடிச்சிருந்த இவரின்ரை கையைச் சேத்துப் பிடிச்சார்.

"நடத்தி வைக்கிறன்ரா" எண்டார்.

நான் அந்த இடத்திலை நிண்டே அழுதிட்டன்.